சர்க்கஸ் கோமாளி ஏன் வாய் திறப்பதில்லை? சரசோட்டா மாளிகைக்குப் போகும் முன் ஒரு அறிமுகம்

கிழிந்த கோட்டு, நசுங்கிய தொப்பி, பல நாள் மழிக்காத தாடி போலக் கரி பூசிய முகவாய். கையில் ஒரு துடைப்பம். அந்த ஆள் மெதுவாக நடந்து வந்து தரையைப் பார்க்கிறார். அங்கே ஸ்பாட்லைட்டின் வெளிச்ச வட்டம் விழுந்து கிடக்கிறது. குப்பையைப் பெருக்குவது போல அந்த வெளிச்சத்தைப் பெருக்க ஆரம்பிக்கிறார். ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒரு இழுப்பு, வட்டம் கொஞ்சம் சுருங்குகிறது. இன்னொரு இழுப்பு, இன்னும் சுருங்குகிறது. சுற்றிச் சுற்றிப் பெருக்கி, கடைசியில் ஒரு சிறு புள்ளிதான் மிஞ்சுகிறது. அதையும் தள்ளியதும் கூடாரம் இருட்டாகிவிடுகிறது.

எம்மெட் கெல்லி (1898–1979) என்ற அமெரிக்கக் கோமாளியின் புகழ்பெற்ற காட்சி இது. அந்த வேடத்துக்கு ‘வியரி வில்லி’, அதாவது ‘களைத்துப்போன வில்லி’ என்று பெயர். வில்லி சிரிக்க மாட்டான், பேசவும் மாட்டான். ஒரு வார்த்தை இல்லை, ஒரு அடி உதை இல்லை. ஆனாலும் பெரிய கூடாரத்தின் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் அது புரிந்தது. சர்க்கஸ் நகைச்சுவை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். அமெரிக்காவின் சரசோட்டாவில் ஒரு சர்க்கஸ் முதலாளி கட்டிய மாளிகையைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

காரணம் இருக்கிறது. இதில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். கீழே துடைப்பத்தோடு கெல்லி, மேலே விளக்கை இயக்கும் தொழிலாளி. துடைப்பம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் வெளிச்சமும் சுருங்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அது வெளிச்சத்தைப் பெருக்கும் மனிதனாகத் தெரியாது, துடைப்பத்தை ஆட்டுகிற மனிதனாகத்தான் தெரியும். பார்க்கிறவருக்கு அசட்டுத்தனம், செய்கிறவருக்கு இம்மி பிசகாத கணக்கு. சர்க்கஸ் கோமாளியின் தொழில் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

தெரிந்தவர் தெரியாதவராக

இன்று நாம் சர்க்கஸ் என்று சொல்லும் வடிவம் 1768இல் லண்டனில் பிறந்தது. பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் குதிரைச் சாகசம் காட்டினார். நேர்கோட்டில் ஓடும் குதிரையை விட வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் நிற்பது எளிது. உள்பக்கமாகச் சாய்ந்து கொண்டால் ஓட்டத்தின் விசையே உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். அந்த வட்டம் கடைசியில் 42 அடி விட்டத்தில் நிலைத்தது. உலகம் முழுக்க சர்க்கஸ் வட்டத்துக்கு இன்றும் அதுதான் அளவு.

ஆஸ்ட்லிக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒருவர் குதிரை மேல் நிற்பதையும் தாவுவதையும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? கொஞ்ச நேரத்தில் வியப்பு பழகிப்போகும். அதனால் நடுவில் ஒரு தையற்காரரைக் கொண்டுவந்தார். தேர்தலில் ஓட்டுப் போட பிரெண்ட்ஃபோர்டு என்ற ஊருக்கு அவசரமாகப் போக வேண்டிய தையற்காரர். குதிரை ஏறி அவருக்குப் பழக்கமே இல்லை. ஏறினால் மறுபக்கம் விழுகிறார். ஒருவழியாக உட்கார்ந்தால் குதிரை நகர மாட்டேன் என்கிறது. நகர்ந்தால் நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் குதிரையே அவரைத் துரத்துகிறது.

சர்க்கஸ் நகைச்சுவையின் முதல் பாடம் இதில் இருக்கிறது. குதிரை ஏறத் தெரியாத அந்தத் தையற்காரராக நடிக்கிறவர், குழுவிலேயே நன்றாகக் குதிரை ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சரியாக விழத் தெரிந்தவரால்தான் தப்புத்தப்பாக விழுந்து காட்ட முடியும். நம் ஊருக்கு வரும் சர்க்கஸில் பார் விளையாட்டு பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பளபளக்கும் உடையில் எல்லோரும் தாவி முடித்தபிறகு தொளதொள பேண்ட் போட்ட பபூன் ஒருவர் மேலே ஏறுவார். கம்பியைத் தவறவிடுவார், அந்தரத்தில் காலை உதறுவார், வலையில் பொத்தென்று விழுவார். சின்ன வயதில் அவருக்கு விளையாடத் தெரியவில்லை என்றே நினைத்திருப்போம். கம்பியை ஒரு விரற்கடையில் தவறவிட்டு, கழுத்து முறியாமல் முதுகு படும்படி வலையில் விழுவதற்கு, கம்பியைப் பிடிப்பதைவிட அதிகப் பயிற்சி வேண்டும்.

அடி வாங்குவதும் அப்படித்தான். பழைய இத்தாலிய மேடைக் கோமாளிகள் இரண்டு மெல்லிய பலகைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு தடி வைத்திருந்தார்கள். அதால் அடித்தால் ஒரு பலகை இன்னொன்றின் மேல் மோதிப் பளார் என்று சத்தம் வரும். அடி லேசாகத்தான் படும். ஆங்கிலத்தில் விழுந்து புரளும் நகைச்சுவைக்கு ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர் வந்தது இந்தத் தடியிலிருந்துதான். சத்தம் பெரிது, வலி சிறிது. அடிபட்டவர் மறுநொடியே எழுந்து நிற்க வேண்டும். எழவில்லை என்றால் சிரிப்பு நின்றுவிடும், கூட்டம் பதறிவிடும்.

மூன்று முகங்கள்

கோமாளி என்றால் எல்லோரும் ஒன்று போலத்தான் என்று தோன்றும். மேற்கத்திய சர்க்கஸில் முகப்பூச்சை வைத்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம்.

முகம் முழுக்க வெள்ளை பூசி, மெல்லிய கோடுகளில் புருவமும் உதடும் வரைந்து, பளபள உடையில் வருபவர் வெள்ளை முகக் கோமாளி. அவர்தான் கெட்டிக்காரர், அதிகாரம் செய்கிறவர். சிவந்த மூக்கு, கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் வெள்ளை, அளவு பொருந்தாத சட்டை, படகு போலச் செருப்பு, இவர் ‘ஓகுஸ்ட்’. சொன்ன வேலையைத் தப்பாகவே செய்வார், அதையும் முழு மனதோடு செய்வார். கவுண்டமணி, செந்தில் இருவரையும் நினைத்துக்கொண்டால் இந்த ஜோடியை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் அதட்ட வேண்டும், ஒருவர் அப்பாவியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதட்டியவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த ஜோடிக் கணக்குக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு, அதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. 1890களில் பாரிஸைக் கலக்கியவர்கள் ஃபுட்டிட் என்ற ஆங்கிலேய வெள்ளை முகக் கோமாளியும், கியூபாவில் அடிமையாகப் பிறந்த ரஃபேல் பதிலாவும். பதிலாவுக்கு மேடையில் ‘சாக்லேட்’ என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரர் அடிப்பார், கறுப்பினத்தவர் அடி வாங்குவார், கூட்டம் சிரிக்கும். பதிலா அருமையான ஆட்டக்காரர், உடல் வித்தை கைவந்தவர். 1917இல் வறுமையில் இறந்தார். யார் விழுகிறார்கள் என்பது போலவே யாரை விழ வைக்கிறார்கள் என்பதும் சர்க்கஸ் வரலாற்றில் ஒரு கேள்வி.

மூன்றாவது முகம் அமெரிக்காவில் வளர்ந்தது. வேலை தேடி சரக்கு ரயிலில் ஊர் ஊராக அலைந்தவர்களின் முகம். கெல்லியின் வில்லி அந்த வகை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறைந்த ஒரு நாட்டில் அந்தக் கிழிந்த கோட்டை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. வில்லி ஒரு வேர்க்கடலையை உடைக்க சம்மட்டியைத் தூக்குவார். கடலை தூளாகிப் போகும். அந்தத் தூளை அவர் பார்க்கும் பார்வையில்தான் சிரிப்பும் இருக்கிறது, பசியும் இருக்கிறது.

மூன்று வளையம் வந்தது, பேச்சு போனது

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். அமெரிக்க சர்க்கஸ் கோமாளி எப்போதும் ஊமையாக இருந்தவர் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மிகப் பெரிய சர்க்கஸ் நட்சத்திரம் டான் ரைஸ் (1823–1900) என்ற கோமாளி. அவர் பேசினார், பாடினார், அன்றைய அரசியலைக் கிண்டல் செய்தார், கூட்டத்தில் இருந்தவர்களோடு வாய்ச்சண்டை போட்டார். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் செய்கிற வேலைக்கு மிக நெருக்கமான வேலை. அது சாத்தியமானதற்குக் காரணம் ஒரே வளையம், அதாவது வித்தை நடக்கும் வட்டம் ஒன்றுதான். கூடாரம் சிறியது, குரல் எட்டும்.

டான் ரைஸின் சர்க்கஸ் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகில் ஊர் ஊராகப் போகும். 1870 வாக்கில் ஐயோவா மாநிலத்தின் மெக்ரெகர் என்ற ஆற்றங்கரை ஊரில் அது வந்து இறங்கியது. அதைப் பார்த்தவர்களில் அந்த ஊர்ச் சேணம் தைப்பவரின் பையன்களும் இருந்தார்கள். அப்பா ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். வீட்டில் ஏழு ஆண் பிள்ளைகள், ஒரு பெண். குடும்பப் பெயர் ரிங்லிங்.

பையன்கள் அன்றிலிருந்து சர்க்கஸ் பைத்தியமானார்கள். மூத்தவர் ஆல் ஒரு ஏர்க்கலப்பையைத் தூக்கி முகவாயில் நிறுத்திக் காட்டுவார். 1882இல் அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாட்டும் நகைச்சுவையுமாக ஒரு சிறு குழு கட்டி ஊர் ஊராகப் போனார்கள். அதில் இளையவர்களில் ஒருவரான ஜானுக்குக் கோமாளி வேடம். ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் உளறி, பாடி ஆடும் வேடம். அந்தக் காலத்து அமெரிக்க மேடையில் இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. 1884இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூ என்ற ஊரில் ஐந்து பேர் சேர்ந்து சொந்த சர்க்கஸைத் தொடங்கினார்கள். கோமாளி ஜான் பிறகு வேடத்தை விட்டார். எந்த ஊருக்கு எந்த வழியாகப் போவது என்று பாதை போடும் பொறுப்பு அவருக்கு. ரயில் வழிகள் அவருக்கு மனப்பாடம். 1907இல் சகோதரர்கள் தங்கள் பெரிய போட்டியாளரான பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸையே வாங்கினார்கள். 1919இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

இப்படி வளர்ந்ததுதான் கோமாளியின் வாயை அடைத்தது. ரயிலில் போகும் சர்க்கஸுக்குச் செலவு அதிகம், அதனால் ஒரே காட்சியில் அதிகம் பேரை உட்கார வைக்க வேண்டும். 1881இலேயே பார்னமின் குழு ஒரே கூடாரத்தில் மூன்று வளையங்களைக் கொண்டுவந்துவிட்டது. ரிங்லிங் கூடாரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி இல்லை. மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் வித்தை, நடுவில் பித்தளை வாத்தியங்களின் முழக்கம். இதில் எந்தக் கோமாளியின் பேச்சு யாருக்குக் கேட்கும்?

அதனால் நகைச்சுவை கண்ணுக்கு மாறியது. மூக்கு பெரிதானது, செருப்பு நீண்டது, பேண்ட் அகன்றது. இவை எல்லாம் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். நூறு அடிக்கு அப்பால் இருப்பவருக்கு ‘இவர் ஆச்சரியப்படுகிறார்’ என்று தெரிய வேண்டுமென்றால் புருவம் நெற்றி உச்சியில் இருக்க வேண்டும். ஒருவர் வழுக்கி விழுந்தால் போதாது, எரியும் வீட்டின் ஜன்னலிலிருந்து குதிக்க வேண்டும். தீயணைப்புப் படையாக ஒரு டஜன் கோமாளிகள் ஓடி வந்து, தீயை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் நனைத்துக்கொள்ள வேண்டும். ரிங்லிங் கூடாரத்தில் இந்தத் தீவிபத்துக் காட்சி பெரிய ஈர்ப்பு.

எல்லாமே பெரிதாகிக்கொண்டே போன அந்தக் கூடாரத்தில் நேர் எதிராக யோசித்தவர் லூ ஜேக்கப்ஸ் (1903–1992). ஜெர்மனியில் பிறந்தவர், முதலில் உடம்பை வளைத்து மடக்கும் வித்தைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். அவர் தனக்கென்று ஒரு கார் செய்தார். மூன்றடி நீளம், இரண்டடி அகலம். உண்மையாகவே ஓடும் கார். அது தனியாக வட்டத்துக்குள் வந்து நிற்கும். முதலில் ஒரு நீளச் செருப்பு வெளியே வரும். அப்புறம் ஒரு முழங்கால். அப்புறம் கூம்பு போன்ற மண்டை. கடைசியில் முழு மனிதரும் வெளியே வந்து நிமிர்ந்து நிற்பார், காரின் கூரை அவர் இடுப்புக்குக்கூட வராது. உடம்பை மடக்கும் வித்தையைத் தனியாகக் காட்டியிருந்தால் வியப்பு மட்டும்தான் கிடைத்திருக்கும். காருக்குள் ஒளித்து வைத்ததால் சிரிப்பாக மாறியது.

ஒரு காருக்குள்ளிருந்து பதினைந்து, இருபது கோமாளிகள் இறங்கும் காட்சி இதன் சகோதரன். கீழே தரையில் ரகசியக் கதவு எதுவும் கிடையாது. காருக்குள் இருக்கும் சீட்டு, கதவின் உள்தகடு, மேற்கூரைத் துணி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். பாரம் தாங்க ஸ்பிரிங்கை வலுப்படுத்துவார்கள். மீதி எல்லாம் யார் யார் மேல் எப்படி மடங்கிப் படுப்பது, எந்த வரிசையில் இறங்குவது என்ற ஒத்திகைதான்.

கோமாளி எப்போது உள்ளே வருகிறார்

கவனித்துப் பார்த்தால் தெரியும், கோமாளிகள் வரும் நேரத்தில் பின்னால் வேறு ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். புலிக்கூண்டைப் பிரிப்பார்கள், பார் விளையாட்டுக்கு வலை கட்டுவார்கள். கூட்டத்தின் கண்ணை அந்தப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைப்பது கோமாளியின் பொறுப்பு. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் நீட்டவும் குறுக்கவும் முடிகிற காட்சிகளாகக் கைவசம் வைத்திருப்பார்கள். மேலிருந்து யாராவது தவறி விழுந்தாலும் முதலில் ஓடி வருவது கோமாளிகள்தான்.

1944 ஜூலை 6ஆம் தேதி ஹார்ட்ஃபோர்டு நகரில் ரிங்லிங் கூடாரம் தீப்பிடித்தது. மழைநீர் இறங்காமல் இருக்க கூடாரத் துணிக்கு மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் எரிந்து போனது. 160க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அன்று எடுத்த ஒரு புகைப்படத்தில் எம்மெட் கெல்லி முழு வேடத்தில், நீளச் செருப்போடு, ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தை நோக்கி ஓடுகிறார். கோமாளிகள் வாளி தூக்கி ஓடுவதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஒரு நாடு அந்தப் படத்தைப் பார்த்தது. என்னால் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்க்க முடிந்ததில்லை.

ஜான் கட்டிய வீடு

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஃபுளோரிடா மாநிலத்தின் சரசோட்டாவுக்குப் போனால் அங்கே இருக்கும் மாளிகை வேறு மாதிரி தெரியும். தெரியாமல் போனால் அது பணக்காரர் ஒருவரின் ஆடம்பர வீடு, அவ்வளவுதான்.

கோமாளி வேடம் போட்ட அந்த ஜான் ரிங்லிங் (1866–1936) 1920களில் அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ரயில் பாதை, எண்ணெய், நிலம் என்று பல தொழில். மனைவி மேபலோடு ஐரோப்பா போவார், புதிய வித்தைக்காரர்களைத் தேடுவார், ஓவியங்களை வாங்கிக் குவிப்பார். இருவருக்கும் வெனிஸ் நகரத்தின் மேல் தீராத காதல். சரசோட்டா வளைகுடாக் கரையில், டுவைட் ஜேம்ஸ் பாம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வெனிஸ் அரண்மனை பாணியில் வீடு கட்டினார்கள். 1924இல் தொடங்கி 1926இல் முடிந்தது. செலவு சுமார் 15 லட்சம் டாலர். பெயர் ‘கா-த-ஸான்’. வெனிஸ் வட்டார மொழியில் ‘ஜானின் வீடு’ என்று பொருள். 36,000 சதுர அடி, மேலே 80 அடிக்கு மேல் உயரமான ஒரு கோபுரம்.

இந்த வீட்டின் முகம் தெருப்பக்கம் இல்லை, கடல் பக்கம். மேற்கே நீரை ஒட்டி விரியும் சலவைக்கல் திண்ணையில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், மெருகேற்றிய சுடுமண் அலங்காரங்கள், வரிசை வரிசையாக வளைவுகள், ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து கப்பலில் வந்த பழைய கூரை ஓடுகள். கிட்டத்தில் நின்றால் கண்ணுக்கு அதிகம் என்று தோன்றும். படகில் தள்ளிப் போய்ப் பார்த்தால் எல்லாம் பொருந்திவிடும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்ற கூடாரத்துக் கணக்கை இந்தச் சுவரில் பார்க்கிறேன். கட்டடக் கலை ரசிகர்களில் சிலர் இதை மிகை என்பார்கள். வெள்ளை முகக் கோமாளியின் ஜரிகைச் சட்டையையும் கிட்டத்தில் பார்த்தால் மிகைதான்.

உள்ளே நடுக்கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட சலவைக்கல் தரை. இரண்டு தளத்துக்கும் மேலே உயர்ந்து போகும் கூரை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் வாத்தியம் ஒன்று சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. ஜானின் குளியல் தொட்டி மஞ்சள் சலவைக்கல்லில் குடைந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே செயின்ட் லூயிஸ் நகரத்து உணவகம் ஒன்றின் மதுக்கூடத்தை அப்படியே பெயர்த்து வந்து வீட்டுக்குள் வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியம் கூரை. நடன அறையில் அண்ணாந்து பார்த்தால் பொன் பூசிய சட்டங்களுக்குள் பல நாட்டு ஜோடிகள் அவரவர் உடையில் ஆடிக்கொண்டிருப்பார்கள். வரைந்தவர் வில்லி பொகானி என்ற ஹங்கேரிய ஓவியர், மேடை அலங்காரங்களும் செய்தவர். மூன்றாவது தளத்து விளையாட்டு அறைக் கூரையில் அவர் வெனிஸ் திருவிழாவை வரைந்தார். முகமூடியும் வேடமுமாகக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ளே ஜானும் மேபலும் திருவிழா வேடத்தில் தங்கள் செல்லப் பிராணிகளோடு இருக்கிறார்கள். மாளிகைகளில் உரிமையாளர் படம் பொதுவாக வாசலில், கம்பீரமாக, எண்ணெய் வண்ணத்தில் தொங்கும். இவர்கள் தங்களை வேடிக்கைக் கூட்டத்தில் ஒருவராக வரையச் சொல்லி, நண்பர்கள் சீட்டாடும் அறைக் கூரையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் கோமாளி வேடம் போட்டுச் சில்லறை சம்பாதித்த மனிதரின் வீடு இது என்பது அந்த அறையில்தான் தெரிகிறது. மேல் தளங்களுக்கு வழிகாட்டியோடு போகும் சுற்றுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், வாங்கிவிடுங்கள்.

இந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் குறைவு. மேபல் 1929 ஜூனில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் கடன் வாங்கி ஐந்து போட்டி சர்க்கஸ்களை ஒரே மூச்சில் வாங்கினார். அடுத்த மாதம் பங்குச் சந்தை சரிந்தது. கடனைக் கட்ட முடியாமல் சில ஆண்டுகளில் சர்க்கஸின் கட்டுப்பாடே அவர் கையை விட்டுப் போனது. 1936 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தபோது வங்கியில் இருந்தது 311 டாலர். ஆனாலும் வீட்டையும், பக்கத்தில் கட்டியிருந்த ஓவிய அருங்காட்சியகத்தையும், அதில் இருந்த ரூபென்ஸ் என்ற பழைய ஐரோப்பிய ஓவியரின் மாபெரும் ஓவியங்கள் உட்பட எல்லாவற்றையும் அவர் விற்காமல் காப்பாற்றினார். ஃபுளோரிடா மக்களுக்கு என்று எழுதி வைத்தார். கடன்காரர்களோடு வழக்கு பத்து ஆண்டு இழுத்து, 1946இல்தான் மாநிலத்தின் கைக்கு வந்தது. வீடு பின்னாளில் பாழடைந்து, 2002 வாக்கில் பெரும் செலவில் பழைய நிலைக்கு மீண்டது.

எதை முதலில் பார்ப்பது

அதே வளாகத்தில் சர்க்கஸ் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஜான் கட்டியது அல்ல, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து 1948இல் தொடங்கியது. பெரும்பாலானவர்கள் மாளிகையை முதலில் பார்த்துவிட்டு, களைத்துப்போய் இங்கே வருகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. காலையில் இங்கே தொடங்குங்கள். ஜானும் மேபலும் பயணம் செய்த ‘விஸ்கான்சின்’ என்ற தனி ரயில் பெட்டி இங்கே நிற்கிறது. மரவேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியுமாக, அதுவே ஒரு சின்ன மாளிகை. லூ ஜேக்கப்ஸின் குட்டிக் காரும் இங்கேதான். அதன் பக்கத்தில் நின்று, ஆறடி மனிதர் ஒருவர் எந்தக் காலை முதலில் உள்ளே விட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து ஹவர்ட் டிப்பல்ஸ் என்பவர் செய்த மாதிரி சர்க்கஸ். ரிங்லிங் சர்க்கஸின் பொற்காலத்தை முக்கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில் சுருக்கிச் செய்தது, அதாவது பதினாறில் ஒரு பங்கு. எட்டுக் கூடாரங்கள், 42,000க்கும் அதிகமான பொருட்கள், 3,800 சதுர அடி. 1950களில் தொடங்கி ஐம்பது ஆண்டுக்கும் மேல் ஒரே மனிதரின் கைவேலை. ரிங்லிங் பெயரைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. அதனால் தன் பெயரையே வைத்து ‘ஹவர்ட் சகோதரர்கள் சர்க்கஸ்’ என்றார்.

அதைச் சுற்றி அவசரமாக நடந்துவிடாதீர்கள். ரயிலிலிருந்து வண்டிகள் இறங்குவதில் தொடங்கி, சமையல் கூடாரத்தில் தட்டு வைத்திருப்பது வரை ஒரு நாளின் வேலை முழுக்க வரிசையாக இருக்கிறது. கண்ணாடியில் முகம் படும் அளவுக்குக் குனிந்து கோமாளிகளைத் தேடுங்கள். கூடாரத்துப் பக்கத்தில் அவர்கள் உடை மாற்றும் இடத்துக்குச் சர்க்கஸ்காரர்கள் ‘கோமாளிச் சந்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, ஒரு வாளி தண்ணீர், இதுதான் ஒரு கோமாளியின் மொத்த இடம். அந்த வாளியில் முகம் கழுவி, அதே தண்ணீரில் துணியும் துவைத்தார்கள். ஏனென்றால் ஊருக்கு ஊர் தண்ணீர் ஒரு ஆளுக்கு இத்தனை வாளி என்றுதான் கிடைக்கும்.

அப்புறம் வெளியே வந்து மாளிகைக்கு நடங்கள். வழியில் பெரிய ஆலமரங்கள் நிற்கும், விழுது விட்டுத் தோப்பாகப் படர்ந்தவை. தாமஸ் எடிசன் கொடுத்த கன்றுகள் என்று அங்கே சொல்வார்கள். நம் ஊர் மரத்தை ஃபுளோரிடா கடற்கரையில் அந்த அளவில் பார்க்கும்போது கால் தானாக நிற்கும், கொஞ்ச நேரம் நிழலில் உட்காரலாம். மாலைக்குள் மேற்குத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சூரியன் வளைகுடாவுக்குள் இறங்கும்போது வீட்டின் வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும், அப்புறம் கீழ் வரிசையிலிருந்து அணைந்துகொண்டே மேலே போகும். கோபுரத்து ஜன்னலில் மட்டும் ஒரு புள்ளி வெளிச்சம் கொஞ்ச நேரம் மிஞ்சி நிற்கும்.